வெள்ளிக்கிழமை இரவு ஹாங்கி-டாங்க் கேட்கப் போகலாமா?

தம்பி, ஆஸ்டினுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆபீஸில் எல்லோரும் வெள்ளிக்கிழமை இரவு ப்ரோக்கன் ஸ்போக் என்கிற நடனக்கூடத்துக்குக் கூப்பிடுகிறார்கள், நான் குடிப்பதில்லை, ஆடத் தெரியாது, சைவம் வேறு, போனால் ஒட்டாமல் நிற்பேனோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இதே தயக்கத்தில் நான் நான்கு வருடம் போகாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சவுத் லாமர் சாலையில் 1964-இல் திறந்த இடம் அது. இன்று இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், நடுவில் தாழ்ந்த கூரையோடு பழைய கட்டடம். குடிக்காததை யாரும் கவனிக்க மாட்டார்கள். சோடா வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் வயதைப் பார்ப்பார்கள், டெக்சாஸ் லைசென்ஸ் இன்னும் வரவில்லை என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள். சாப்பாட்டில் ஒன்று மட்டும் கவனம்: சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக் என்பது கோழி இல்லை, மாட்டிறைச்சி. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஹாங்கி-டாங்க் என்பது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையில் ஒரு வகை. 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு போன பிறகு டெக்சாஸ் எண்ணெய் வயல் பக்கத்துக் குடிக்கடைகளில் வளர்ந்த இசை இது. அங்கே இருந்த கூச்சலில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை, அதனால் மின்சாரக் கிட்டார் வந்தது, பிறகு டிரம்ஸும் சேர்ந்தது. பிரிவு, கடன், விட்டுவந்த வீடு, இவைதான் பாட்டு. உச்சரிப்பு முதலில் பிடிபடாது, பரவாயில்லை. மேடையில் பெடல் ஸ்டீல் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். மேசை மாதிரி படுக்கையாக இருக்கும் கிட்டார் அது. இடது கையில் ஓர் இரும்புத் துண்டு தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், வலது கை மீட்டும், பாதமும் முழங்காலும் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும். எப்போதோ ஒரு மார்கழிக் கச்சேரியில் சித்திரவீணை கேட்டிருந்தேன். சுரத்திலிருந்து சுரத்துக்கு அதே இழைவு இங்கேயும் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகு அப்படி ஓர் இசை என்னைத் தொட்டது அன்றுதான்.

அங்கே ஜோடியாக ஆடும் ஆட்டம் டூ-ஸ்டெப். குயிக், குயிக், ஸ்லோ, ஸ்லோ, அவ்வளவுதான் கணக்கு. பேண்ட் தொடங்குவதற்கு முன்னால் அங்கேயே வகுப்பு நடக்கும், அதில் சேர்ந்துகொள்ளுங்கள். தளத்தில் ஆடுகிறவர்கள் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், வேகமானவர்கள் வெளிவட்டத்தில். டம்ளரோடு நடுவில் நிற்காதீர்கள், முதல் நாள் நான் நின்றேன். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்துப்போய், டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, 'வா' என்று ஆடக் கூட்டிப்போனார். ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிப் பிரிந்துவிடுவதுதான் அங்கே வழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிப் ஜாடியில் விழுவதை நம்பித்தான் பல பேண்டுகள் வாசிக்கின்றன. வெறுங்கையோடு கேட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வராது.

அப்புறம், ஆல்ட்-கன்ட்ரி என்றால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். பங்க் ராக் என்கிற முரட்டு, வேக ராக் இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பழைய கன்ட்ரியைத் திரும்பக் கையில் எடுத்தது என்று சொல்லலாம். இல்லினாய் மாநிலம் பெல்வில்லில் இருந்து வந்த அங்கிள் டுபெலோ என்ற குழுவின் முதல் ஆல்பம் 1990-இல் வந்தது. 1994-இல் பிரிந்து வில்கோ, சன் வோல்ட் என்று இரண்டு குழுக்கள் ஆனார்கள். எனக்கு சன் வோல்ட்தான் நெருக்கம்.

அந்த மாதிரிப் பாட்டை நேரில் கேட்க, சவுத் காங்கிரஸ் சாலையில் 1950-களிலிருந்து இருக்கும் கான்டினென்டல் கிளப் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய்வந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள், பிடித்திருந்தால் அடுத்த வாரம் கான்டினென்டலுக்குச் சேர்ந்தே போகலாம்.