எலுமிச்சைச் சாறு குடித்தால் ரத்தம் அமிலமாகிவிடுமா?

ஆகாது. சாற்றின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 2, ரத்தத்துடையது 7.35 முதல் 7.45 வரை, ஒரு படி இறங்கினாலே அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 10 மடங்கு கூடும் என்பதால் பயம் வருவது இயல்புதான். ஆனால் சாறு போய்ச் சேரும் வயிற்றிலேயே அதைவிட வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அதையும் சிறுகுடலில் கணையத்தின் பைகார்பனேட் நடுநிலையாக்கிவிடுகிறது. சிட்ரிக் அமிலத்தைச் செல்கள் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக எரித்துவிடும். அப்புறம் ரத்தத்திலும் பைகார்பனேட் உண்டு: மிஞ்சிய ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகும், அது கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து மூச்சோடு வெளியேறும். உடலில் எனக்கு மிகப் பிடித்த வேதியியல் இதுதான். மீதியைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது பல் எனாமலுக்குத்தான். வாயில் பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் அது கரையத் தொடங்கும், குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள்.