நுவரெலியாத் தேயிலை பாலில் வெளிறுவது ஏன்?

நுவரெலியாத் தேயிலையில் பால் தேத்தண்ணி வெளிறிப்போகிறது, தூளைக் கூட்டிக் கொதிக்கவைத்தால் கசக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தூளில் கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். 1,800 மீற்றர் உயரத்துக் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும். அதில் வாசம் கூடுதல், சாயம் குறைவு. கொதிக்கவைத்தால் வாசம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பும் கசப்பும்தான் இறங்கும்.

அதைப் பால் இல்லாமல் குடியுங்கள். 200 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள் போதும். அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

பாலுக்கு ருகுணு, சபரகமுவத் தேயிலை வாங்குங்கள். 600 மீற்றருக்குக் கீழே, வெக்கையும் மழையும் உள்ள இடங்கள். சாயம் கறுத்து இறங்கும்.

பாலோடு வாசமும் வேண்டுமென்றால் ஊவாதான் என் தெரிவு, அதுவும் யூலை முதல் செப்டெம்பர் வரை பறித்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவின் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக வீசும். அந்த வறட்சியில் வாடும் கொழுந்தில்தான் ஊவாவின் புதினா போன்ற குளிர்வாசம் திரள்கிறது. மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளயில் இப்படி வாசம் கூடும் பருவம் சனவரி முதல் மார்ச் வரை. பொதியில் பறித்த மாதம் இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.