மார்கரெட் என்றால் முத்து

ஐரோப்பியப் பெண்பெயர் ஒன்றின் வேரைத் தேடுவோம் என்றதும் பெரும்பாலோர் மார்கரெட்டையே கேட்டார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, மார்கரெட் ஆங்கிலப் பெயர்தானே? இதில் கிரேக்கம் எங்கே வந்தது?

பதில்: ஆங்கிலேயரும் இரவல் வாங்கியவர்களே. கிரேக்கத்தில் 'மார்கரீத்தேஸ்' என்றால் முத்து. லத்தீன் அதை 'மார்கரீத்தா' ஆக்கியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அந்த லத்தீன் வடிவமே பரவியது. போர்ச்சுகலில் மார்கரீடா, பிரான்ஸில் மார்கரீத், ஹங்கேரியில் மார்கித், ஐஸ்லாந்தில் மார்கிரியெத், அயர்லாந்தில் மரேட். போலந்துக்காரர்கள் 'மவ்கோஜாத்தா' என்று உருட்டி எடுத்துவிட்டு, வீட்டில் செல்லமாக 'கோஷா' என்கிறார்கள். ஆனால் கிரேக்கச் சொல்லும் கிழக்கிலிருந்து போன கடன்தான். பாரசீகத்தில் முத்தைக் குறிக்கும் 'மர்வாரீத்' அதன் உறவு என்பது பலர் ஏற்கும் கருத்து. சமஸ்கிருத 'மஞ்சரி'யோடு முடிச்சுப்போடுகிறவர்களும் உண்டு.

கேள்வி: கிழக்கு என்கிறீர்கள். கொற்கை முத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பெருமைக்காகக் கேட்கவில்லை.

பதில்: பெருமைக்காகக் கேட்டாலும் தவறில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன் என்ற கிரேக்கர், மௌரியர் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் சொன்னவற்றை வைத்து இந்தியாவைப் பற்றி எழுதினார். கிரேக்கப் புராண வீரன் ஹெரக்ளிஸ் கடலில் முத்தைக் கண்டெடுத்துத் தன் மகள் பண்டையாவுக்கு அணிகலனாக்கினான் என்று அதில் ஒரு கதை வருகிறது. அந்த இடத்திலேயே, 'மார்கரீத்தேஸ்' இந்தியர் மொழிச் சொல் என்றும் எழுதிவிட்டுப் போகிறார். பண்டையா என்ற பெயரில் பாண்டிய நாட்டைக் காணும் அறிஞர்கள் பலர். அதற்கு முன்பே, 1ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூல், பாண்டியருடைய கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததைக் குறிப்பிடுகிறது. சரக்கில் நமக்குப் பங்கு உண்டு, சந்தேகமில்லை. சொல்லில் பங்கு கேட்காதீர்கள். 'முத்து'வும் 'மார்கரீத்தேஸ்'உம் எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை.

கேள்வி: பெகி என்பதும் மார்கரெட்தான் என்கிறார்கள். ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே?

பதில்: சுப்பிரமணியன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் தலையை மட்டும் வைத்துக்கொண்டு சுப்பு என்பார்கள், அடுத்த வீட்டில் வாலைப் பிடித்துக்கொண்டு மணி என்பார்கள். மார்கரெட்டுக்கும் அதே கதிதான். தலையை வைத்துக்கொண்டால் மெக், மார்ஜ், மார்கோ. வாலைப் பிடித்தால் கிரேத்தா. ஜெர்மானியர் அந்த வாலிலும் சின்ன விகுதி ஒட்டி கிரேத்தெல், கிரேட்ஷென் ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் மகரத்தைப் பகரமாக்கிக் கொஞ்சும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. மேரி மாலி ஆகி, மாலி பாலி ஆனாள். மெக் பெக் ஆகி, பெக் பெகி ஆனாள். கிருஷ்ணமூர்த்தி கிச்சா ஆனதை ஏற்றுக்கொண்ட நாம் இதற்கு வியக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று ரீட்டாக்கள் இருக்கிறார்கள். அவர்களுமா?

பதில்: அவர்களும்தான். இத்தாலியின் காஷா ஊர்ப் புனித ரீட்டாவின் ஞானஸ்நானப் பெயர் மார்கெரீத்தா. அதன் வால்தான் ரீட்டா.

கேள்வி: டென்மார்க்கில் இருக்கிறேன். ராணி மார்கிரேத்தவை வீட்டில் 'டெய்சி' என்று அழைப்பார்களாமே? முத்து எப்படிப் பூவாயிற்று?

பதில்: பிரெஞ்சுக்காரர் செய்த வேலை. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூக்கும் டெய்சிப் பூவுக்கு அவர்கள் 'மார்கரீத்' என்றே பெயர் வைத்தார்கள். அதனால் மார்கரெட் என்ற பெண்ணை டெய்சி என்று அழைப்பது ஆங்கிலேயருக்குப் பழக்கமாயிற்று. 2024இல் முடிதுறந்த உங்கள் ராணியின் பாட்டி ஆங்கிலேய அரச குடும்பத்து மார்கரெட்; அவருக்கும் செல்லப்பெயர் டெய்சிதான். கிரேக்கத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. சொல் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இன்று 'மார்கரீத்தா' என்றால் பூ. முத்துக்கு 'மார்கரிதாரி' என்ற நீண்ட வடிவம். ஜார்ஜியர்கள் மட்டும் பழசை விடவில்லை, முத்தை இன்றும் 'மர்கலீட்டி' என்கிறார்கள்.

கேள்வி: மார்கரின் வெண்ணெய்க்கும் இந்தப் பெயருக்கும்…?

பதில்: சிரிக்காதீர்கள், உறவுதான். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஓர் அமிலம் முத்துபோல் பளபளத்தது. அதற்கு 'மார்கரிக்' என்று பெயரிட்டார். 1869இல் வெண்ணெய்க்கு மாற்றுத் தயாரித்த மேஜ் மூரியே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். பளபளப்பு போய்விட்டது, பெயர் டப்பாவில் தங்கிவிட்டது.

கேள்வி: டிராகன் விழுங்கிய புனித மார்கரெட் உண்மையா?

பதில்: அந்தியோக்கியா மார்கரெட்டின் கதை அது. கையிலிருந்த சிலுவை உறுத்த, டிராகனின் வயிறு வெடித்து அவர் முழுதாக வெளியே வந்தாராம். அதனாலேயே பிரசவ வேளையில் பெண்கள் அவரை வேண்டினார்கள். 13ஆம் நூற்றாண்டில் புனிதர் கதைகளைத் தொகுத்த வொராஜினேயே, இந்த விழுங்கல் நம்பத்தக்கதல்ல என்று எழுதிவைத்தார். அதை யார் படித்தார்கள்! படங்களில் டிராகன் வந்துகொண்டே இருந்தது. கிழக்குத் திருச்சபையில் இவர் பெயர் மரீனா.

கேள்வி: பேத்திக்கு மார்கரெட் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். எனக்கு என் அம்மா முத்தம்மாளின் பெயர் வைக்க ஆசை. என்ன செய்வது?

பதில்: அம்மா, இரண்டு வீடும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. சான்றிதழில் மார்கரெட் என்று எழுதிவிட்டு, தொட்டிலில் முத்து என்று கூப்பிடுங்கள். சம்பந்தியிடம் இதைச் சொல்லும்போது, முதலில் அவர் பெயருக்கு விட்டுக்கொடுத்ததுபோல் காட்டிக்கொள்ளுங்கள்.