தவளை ஆராய்ச்சி சோறு போடுமா?

வணக்கம் அம்மா. நீட் கோச்சிங்குக்கு இன்னொரு வருடம் போகச் சொன்னால், மகள் விலங்கியல்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "தவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டதும் நியாயம்தான்.

சரி, தவளையையே எடுத்துக்கொள்வோம். 2003-இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து கேரளத்தின் ஊதாத் தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று கிடக்கும். முட்டையிட மட்டும் மழையோடு சில நாள் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து உறவு அது. 2017-இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் அதன் இன்னொரு இனம் அறிவிக்கப்பட்டது. கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிட, இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இரண்டும் வேறு இனம் என்று காட்ட உருவத்தோடு கத்தும் ஒலியையும் டிஎன்ஏ வரிசையையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அதனால்தான் புள்ளியியலும் கணினியும் தொடாத விலங்கியல் பட்டத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கல்லூரி எதுவானாலும், கூடவே ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்கட்டும்.

ப்ளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களுக்கு (IISER) நடக்கும் ஐஏடி (IAT) நுழைவுத்தேர்வை முயலலாம். 60 கேள்விகள்; இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. நீட்டுக்குப் படித்தது வீண் போகாது, கணக்கில்தான் இடிக்கும். பிஎஸ்சிக்குப் பிறகு என்றால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவுயிரியல் எம்எஸ்சி இருக்கிறது. டேராடூனின் இந்திய வனவுயிர் நிறுவனம், பெங்களூருவின் என்சிபிஎஸ் (NCBS) ஆய்வு மையம் ஆகியவற்றில் இதே படிப்புக்கு நுழைவுத்தேர்வு.

பணத்தைப் பற்றி ஒளிக்க மாட்டேன். எம்எஸ்சி முடித்து தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். நிரந்தர வேலைக்கு முப்பது வயதுகூட ஆகிவிடலாம். அதுவரை அவள் சம்பளத்தை எதிர்பார்க்காமல் வீடு நடக்குமா? நடக்காது என்றால் பிஎஸ்சியோடு பிஎட் முடித்து ஆசிரியர் வேலைக்குப் போவதே பத்திரம். அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

ப்ளஸ் டூவில் அவள் கணக்கு எடுத்திருந்தாளா, இல்லை தாவரவியல்–விலங்கியல் பிரிவா? அதை மட்டும் எழுதுங்கள், எந்தத் தேர்வில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.