கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாக ரெட் ஈஸ்ட் ரைஸ் சாப்பிடலாமா?

அப்பாவுக்கு டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கவிளைவுக்குப் பயந்து, இயற்கையானது என்று விற்கும் ரெட் ஈஸ்ட் ரைஸ் கேப்ஸ்யூல் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பதில் இதுதான்: அதுவும் ஸ்டாட்டின்தான்.

வேகவைத்த அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்தால் அரிசி கருஞ்சிவப்பாகிவிடும்; அதுதான் ரெட் ஈஸ்ட் ரைஸ். சீனாவில் உணவுக்கு நிறமேற்றவும் மது தயாரிக்கவும் மருந்தாகவும் நூற்றாண்டுகளாக இது புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பூஞ்சை உண்டாக்கும் மொனாகோலின் கே என்ற பொருளும், 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே மூலக்கூறு.

ஸ்டாட்டின் என்ற மருந்தினமே பூஞ்சை கொடுத்ததுதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு கணக்குப் போட்டார்: சில நுண்ணுயிர்களுக்கு வாழ ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் சேர்ந்த கொழுப்பு வகை) தேவை, அப்படியானால் அதன் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை ஆயுதமாக வைத்திருக்கலாம். சுமார் 6,000 வகைகளைச் சோதித்துப் பார்த்து, 1973இல் கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் கிடைத்த பூஞ்சையிலிருந்து காம்பேக்டின் என்ற முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். மொனாகோலின் கே பற்றி 1979இல் அறிவித்தவரும் அவரே. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இவை முடக்குகின்றன. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது.

அதனால் கேப்ஸ்யூல் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. வேலை செய்கிறது என்பதுதான் சிக்கலே. தசைவலி, கல்லீரல் பாதிப்பு என்று எதற்குப் பயப்படுகிறீர்களோ, அது இதிலும் வரலாம். மாத்திரையில் 20 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 20 இருக்கும். கேப்ஸ்யூலில்? அமெரிக்காவில் 28 பிராண்டுகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் மொனாகோலின் கே தென்படவே இல்லை. மற்றவற்றுக்குள் 60 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், ஒரு நாளுக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது.

அப்புறம் சிறுநீரகம். மொனாஸ்கஸின் சில ரகங்கள் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சையும் சேர்த்தே சுரக்கும். ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் 2024 மார்ச்சில் தன் ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரைகளைத் திரும்பப் பெற்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே வில்லன் சிட்ரினின் இல்லை; தொழிற்சாலைக்குள் புகுந்த வேறொரு பூசணம் உண்டாக்கிய பியூபெருலிக் அமிலம். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்டாட்டினால் அப்பாவுக்கு உண்மையிலேயே தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ஸ்டாட்டினே அல்லாத எசெட்டிமைப் போன்ற மருந்தும் உண்டு. மாத்திரையையும் கேப்ஸ்யூலையும் சேர்த்து மட்டும் கொடுக்காதீர்கள். அது இரட்டை டோஸ். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பாவும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அதன் சிவப்பு தவிட்டின் நிறம். பூஞ்சையும் கிடையாது, மொனாகோலினும் கிடையாது. அப்பா தாராளமாகச் சாப்பிடலாம், சுகர் இருந்தால் அளவு பார்த்து.