முன்கூட்டியே வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு போகும்? – கேள்வி பதில்

சென்னையில் வாடகை ஒப்பந்தங்கள் எழுதித் தருவது என் தொழில். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வீடு மாறுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

வேளச்சேரி: 11 மாத ஒப்பந்தம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,00,000. வேலை மாறியதால் ஐந்து மாதத்தில் கிளம்புகிறேன். மீதி ஆறு மாத வாடகைக்கு அட்வான்ஸ் சரியாகிவிட்டது என்கிறார் வீட்டுக்காரர்.

சரியில்லை. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம், லாக்-இன் (இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது என்ற ஷரத்து) என்ற இரண்டையும் தேடுங்கள். லாக்-இன் இல்லாமல் 'இரண்டு மாத நோட்டீஸ்' மட்டும் இருந்தால், உடனே கிளம்பினாலும் 36,000தான் கணக்கு. நோட்டீஸ் கொடுத்து, வாடகை கட்டி, அந்த இரண்டு மாதமும் இருந்தால் கழிக்க எதுவும் இல்லை.

லாக்-இன் இருந்தாலும் ஆறு மாதத்தை அப்படியே எடுக்க முடியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நீங்கள் போன மூன்றாம் வாரமே வேறு குடும்பம் வந்துவிட்டால், அந்த மூன்று வார வாடகையும் புரோக்கர் கமிஷனும்தான் அவருடைய நஷ்டம். அதனால் நீங்களே ஆள் தேடிக் கொடுங்கள். நோட்டீஸை வாயால் சொல்லாதீர்கள். தேதி போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

போரூர்: 8 லட்சம் கொடுத்து மூன்று வருட லீஸ். இப்போதே போனால் 'அடுத்த ஆள் வந்தால்தான் பணம்' என்கிறார்கள்.

இது வாடகை இல்லை, போக்கியம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஷரத்துகளை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். பத்திரத்தோடு வழக்கறிஞரைப் பாருங்கள். பணமும் சாவியும் ஒரே நேரத்தில் கைமாறட்டும்.

அண்ணா நகர்: பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கலாமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டால் கூடாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் உங்கள் பொறுப்பு.

மயிலாப்பூர் (வீட்டுக்காரர்): குழந்தை சுவரெல்லாம் கிறுக்கியிருக்கிறது. நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?

ஐயா, உங்கள் கேள்வி நியாயம். சேதத்துக்குக் கழியுங்கள், ஆனால் அந்தச் சுவருக்கு மட்டும், பில் காட்டி. புழங்கியதால் மங்கிய சுவருக்கு நீங்கள் வாடகை வாங்கிவிட்டீர்கள்.

மயிலாப்பூர்: ஒரு சுவருக்கு மட்டும் எந்தப் பெயிண்டர் வருவார்? நிறம் ஒட்டாதே!

அதற்காக மூன்று வருடப் பழைய பெயிண்டை முழுதாகப் புதுப்பிக்கும் செலவை அவர் தலையில் கட்ட முடியாது, ஐயா. கூடம் முழுக்க அடித்தே ஆக வேண்டுமென்றால் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரை, குடிவந்த அன்று எடுத்த போட்டோ இருந்தால் இந்தச் சண்டையே வராது. எல்லா அறைகளையும் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடவாக்கம்: லாக்-இன் முடியாமல் போனால் முழு அட்வான்ஸும் போய்விடுமா?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: பெங்களூரு வீட்டுக்கும் இதே சட்டமா?

இல்லை. கர்நாடகச் சட்டம் வேறு. அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பல்லாவரம்: நோட்டீஸ் போனில் சொன்னேன், போதுமா?

போதாது. இதைத்தான் மேலேயும் சொன்னேன். இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

குரோம்பேட்டை: காலி செய்து இரண்டு மாதமாகியும் அட்வான்ஸ் வரவில்லை.

அதே 2017 சட்டப்படி, பாக்கியைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். கழித்ததற்குக் கணக்கு கேட்டு எழுதுங்கள். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அந்தப் பதிவு எண்ணோடு ரெண்ட் அத்தாரிட்டியிடம் (இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அதிகாரி) போங்கள். சாவி கொடுத்த தேதிக்கும் கடைசி மின்சார ரீடிங்குக்கும் சான்று இருக்கிறதா?