போனிலேயே கோடிங் கற்றுத்தர முடியுமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லீவில் பாம்பன் பக்கம், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இலவசமாகக் கோடிங் சொல்லித்தர ஆசை. யாரிடமும் லேப்டாப் இல்லை, போன்தான். சரிப்பட்டு வருமா?
– வாசகி, மண்டபம்

பதில்: தாராளமாக வரும். பைடிராய்டு 3 என்ற ஆப்பை ஏற்றிவிட்டால் ஆண்ட்ராய்டு போனிலேயே, நெட் இல்லாமலும், பைத்தான் என்ற கணினி மொழி ஓடும். பைத்தான் 3-ல் மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், முதல் நாளே வீட்டுக் கணக்கைக் கையில் எடுங்கள்: உதாரணத்துக்கு எடை = 12, விலை = 60 என்று போட்டுப் பெருக்கச் சொல்லுங்கள். கடல்பாசி எடுத்து விற்கும் அம்மாவுக்கு வரவேண்டிய தொகை 720 என்று திரையில் வந்து நிற்கும்போது அந்தப் பெண்ணுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. அப்புறம் விலையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புரளாத அந்த நாட்களில் யாரையும் ரீசார்ஜ் செய்யச் சொல்லாதீர்கள், உங்கள் ஹாட்ஸ்பாட்டிலேயே ஆப்பை ஏற்றிக்கொடுங்கள். வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால் அது எப்போது கைக்கு வரும் என்று அவர்களையே கேட்டு வகுப்பு நேரத்தை வையுங்கள். கல்லூரி திறந்த பிறகும் வாரம் ஒருமுறையாவது சந்தேகம் கேட்க வழி செய்துவிட்டே கிளம்புங்கள்.